பால் கறக்கக் கொண்டுவந்த கிடாய்

எழுத்து வராம அடைச்சுக்கிட்டா என்ன செய்வீங்க எண்டு, என்னைப் போலவே கதை எழுதுற ஒரு பொம்புள கேட்டா. "ஆட்டுக்கிடாய் ஒண்டு தேடுவன்" எண்டன். நான் பகிடி விடுறன் எண்டு நினைச்சு அவ சிரிச்சா. பகிடியே இல்ல. அம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்துக்கு ரெண்டு வருஷம் முந்தி, கல்முனைக்குடியில எங்கட வளவுக்குள்ள ஒரு நாள் முழுக்க நிண்ட கிடாய் அது. அதைச் சொல்ல முன்ன எங்கட வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லோணும். ரெண்டு பேரும் ஒரே கதைக்குள்ளதான் வாறாங்க.

எங்கட ஊர் வழமைப்படி அவரு கலியாணம் முடிச்சு எங்கட வீட்டுக்கு வந்தவரு. வீட்டில உம்மா, நான், அவரு, மூணு பேர். வாப்பா எப்பவோ மவுத்து. மச்சான் முறை எண்டதால நான் அவரை மச்சான் எண்டுதான் கூப்பிடுறது. தொழில் கரைவலை. தோணி வலையைக் கடல்ல வளைச்சுப் போட்டு ரெண்டு பக்கக் கயிறையும் கரைக்குக் கொண்டுவரும். கரையில ஆக்கள் ரெண்டு பிரிவா நிண்டு இழுப்பாங்க. இழுக்கிறதுக்குப் பாட்டு வேணும். அம்பா எண்டு சொல்லுவாங்க. ஒராள் வரி குடுப்பாரு, மத்தாக்கள் "ஏலேலோ" எண்டு கயிறை வலிப்பாங்க. எங்கட முதலாளிர வலையில வரி குடுக்கிறது மச்சான்.

நோஞ்சான் உடம்பு, ஆனா தொண்டை இருக்கே, யா அல்லாஹ்! கடற்கரையில அவரு பாடினா எங்கட கிணத்தடியில நிண்ட எனக்கு ஒரு சொல்லுத் தவறாமக் கேக்கும். அதுக்கு மேல அந்த வலையில ஒரு பொல்லாத பழக்கம். நேத்துப் பாடின வரியை இண்டைக்குப் பாடினா ஒருத்தரும் கயிறை வலிக்க மாட்டாங்க. "பழஞ்சோறு! பழஞ்சோறு!" எண்டு கூப்பாடு போடுவாங்க. அதனால நாளுக்கு நாள் புதுசு வேணும். அவரு எங்க போவாரு புதுசுக்கு? எங்கட வீட்டுக்குள்ளதான் கை வெச்சாரு.

நான் பிட்டுக்கு உப்புப் போட மறந்தது கடற்கரைக்குப் போனது. நான் குறட்டை விடுறது போனது. நான் குறட்டை விடுறதில்ல, அது வேற கதை. எல்லாத்தையும் நான் பொறுத்துக்கிட்டன். உம்மாட கோழியில வந்துதான் பொறுமை போச்சு.

உம்மா ஒரு நாள் காயப் போட்ட நெல்லைக் கோழி ஒண்டு கிண்டிப் போட்டுது எண்டு, அயல் வளவுக் கோழியெண்டு நினைச்சு, அந்த வளவாக்களுக்குக் கேக்கத்தக்கதா அரை மணித்தியாலம் ஏசினா. பிறகு பாத்தா அது எங்கட கோழி. வெக்கத்தில உம்மா வேலிக் கடப்பைச் சாத்திப்போட்டு உள்ளுக்கு வந்திட்டா. அடுத்த நாள் கடற்கரையில இருந்து வருது:

"அயல்வளவுக் கோழி எண்டு — ஏலேலோ
அரை மணி ஏசினா எங்கட மாமி — ஏலேலோ
ஏசி முடிச்சுப் பாத்தாவாம் — ஏலேலோ
எங்கட கூட்டுக் கோழிதானாம் — ஏலேலோ"

ரெண்டு நாள் போகல்ல, ஒரு கலியாண வீடு. பொண்டுகள் எல்லாரும் சஹனைச் சுத்திக் குந்தி, ஒரே தட்டத்தில சாப்பிட ஆயத்தம். அதில ஒருத்தி கொடுப்புக்குள்ள சிரிச்சுக்கிட்டு, "இறைச்சியப் பாத்து எடுங்க, உங்கட சொந்தக் கோழியோ தெரியா" எண்டா. உம்மா கையைக் கழுவிப் போட்டு எழும்பி வந்திட்டா. வந்து, பாயில குந்தி வெத்திலைத் தட்டத்தைக் கூடத் தொடாம இருந்தா.

அவரு கடப்படியில கால் வெச்ச உடனே தொடங்கினன். "உங்களுக்குப் பாட்டு வேணுமெண்டா எங்கட உம்மாட மானமா கிடைச்சுது? இனி இந்த வீட்டுக் கதை ஒண்டும் கடற்கரைக்குப் போகப்படா. சத்தியம் பண்ணுங்க!" எண்டன். அவரு உம்மாட முகத்தைப் பாத்தாரு. மீன் கொண்டுவந்த ஓலை உமலைக் கீழ வெச்சாரு. "அல்லாஹ்மேல சத்தியம் மாமி, இனி உங்கட கதையோ உங்கட மகள்ட கதையோ என்ட வாயில வராது" எண்டாரு. சொன்ன சொல்லைக் காப்பாத்தினாரு. அதிலதான் வினை.

அடுத்த கிழமை முழுக்க அவருக்கு ஒரு வரி வரல்ல. முதல் நாள் மழையைப் பாடினாரு. ரெண்டாம் நாள் கச்சான் காத்தைப் பாடினாரு. மூணாம் நாள் பாட்டில மழையும் காத்தும் சேர்ந்து வந்துது, "பழஞ்சோறு!" எண்டு கத்தினாங்க. கயிறு தளர்ந்து, வலை சரிஞ்சு, கீரி மீன் அரைவாசி வெளியில பாய்ஞ்சு போனதாம். முதலாளி நல்ல மனிசன், ஆனா வலை வலைதானே. "தம்பி, உனக்கு வாய் அடைச்சுப் போச்சுப் போல. சாய்ந்தமருதில ஒராள் இருக்காரு, நல்லாப் பாடுவாராம். நீ கொஞ்ச நாளைக்குக் கயித்துக் கடைசிக்குப் போ" எண்டாரு. மச்சான் இன்னும் கொஞ்ச நாள் தவணை கேட்டுக்கிட்டு வந்தாரு.

வரி குடுக்கிற இடம் போறது அவருக்குச் சாதாரணமான விஷயம் இல்ல. உடம்புப் பலத்தில அவரை ஒருத்தரும் கணக்கெடுக்கிறதில்ல. அந்தப் பாட்டு ஒண்டுதான் அவரை அந்தக் கூட்டத்தில ஒராளா நிப்பாட்டி வெச்சிருந்தது. கயித்துக் கடைசிக்குப் போனா ஈரக் கயிறைச் சுருட்டுறதுதான் வேலை. வீட்டுக்கு வந்தா வாயைத் திறக்க மாட்டாரு. சாப்பிடச் சொன்னாச் சாப்பிடுவாரு, படுக்கச் சொன்னாப் படுப்பாரு. எனக்கு அந்தச் சத்தமில்லாத வீடு பிடிக்கல்ல. மெய்யாச் சொல்லுறன், அவரு என்னை வெச்சுப் பாடினதை விட அது மோசமா இருந்திச்சு.

சரி, சத்தியத்தை வாங்கினது நான், வரியையும் நானே குடுப்பன் எண்டு முடிவெடுத்தன். நான் அஞ்சாம் வகுப்பு மட்டும் படிச்சவ. பள்ளிக்குடத்தில செய்யுள் சொல்லிப் பரிசு எடுத்தவ. அந்தப் பெருமை, அந்தக் கெப்பர் எனக்கு இருந்தது. கதிரையை இழுத்துப் போட்டு, கடதாசி வெச்சு, பேனைக்கு மை தொட்டு, குந்திக்கிட்டன். உச்சி ளுஹருக்கு முன்ன குந்தினவ, பின்னேர அஸர் பாங்கு கேக்கு மட்டும் குந்தினன். கடதாசி வெள்ளையாவே கிடந்தது. மை சரியில்ல எண்டு மையை மாத்தினன். கதிரை சரியில்ல எண்டு பாயில குந்தினன். வெளியில கோழி கேருது எண்டு கோழியைத் துரத்தினன். உம்மா எட்டிப் பாத்து, "என்னகா, பேனைக்கு நோவா?" எண்டா. கடைசியில எப்பிடியோ இதைப் பெத்தெடுத்தன்:

"வெண்ணிலவு வானத்திலே
வெள்ளியலை கானத்திலே"

எனக்கெண்டா அழகாத்தான் இருந்திச்சு. மச்சானும் பாவம், தலையை ஆட்டி ஆட்டிப் பாடமாக்கிக்கிட்டுப் போனாரு. அடுத்த நாள் காலம்பிற பத்து மணி வெயில்ல அவரு அதைப் பாடக்குள்ள நான் கிணத்தடியில காதைக் குடுத்துக்கிட்டு நிண்டன். "ஏலேலோ" வரல்ல. ஒருத்தன், "எங்க மச்சான் நிலவு? எனக்குத் தெரியல்லியே" எண்டு கேட்டது மட்டும் வடிவாக் கேட்டுது. பிறகு ஊரே சிரிச்ச மாதிரி ஒரு சிரிப்பு. நான் வாளியைக் கிணத்துக்குள்ள போட்ட போட்டில கயிறும் சேர்ந்து போயிட்டுது.

அண்டைக்குப் பின்னேரம் நடந்ததுதான் விஷயம். முத்தத்தில கீரிக் கருவாடு காயப் போட்டிருந்தன். மச்சானிட்ட நீட்டுக் கம்பொண்டைக் குடுத்து, "காகத்தைப் பாத்துக்கிட்டிருங்க, நான் நெல்லுக் குத்தப் போறன்" எண்டு சொல்லிப்போட்டுப் பின்வளவுக்குப் போனன். கொஞ்சத்தால வந்து பாத்தா, கம்பு அவர்ட கையில, தலை அவர்ட நெஞ்சில, அப்பிடி ஒரு நித்திரை. பாயில கருவாடு பாதி இல்ல. ஒரு காகம் அவர்ட காலடியிலயே நிண்டு தின்னுது. என்னைக் கண்டும் அது பறக்கல்ல, கண்டியளா!

எனக்கு வந்த கோபத்துக்குத் திரும்பிப் போய் உலக்கையைத் தூக்கினன். ஏச்சுத் தானா வந்துது. குத்துக்கு ஒண்டா வந்துது. உலக்கை மேல போகக்குள்ள மூச்சை எடுக்கிறன், கீழ வரக்குள்ள ஏசுறன்:

"காகம் பாக்க இருத்தினன் — தொம்!
கம்பைப் புடிச்சுத் தூங்கினாரு — தொம்!
காகம் வந்து ஸலாம் சொல்லி — தொம்!
கருவாட்டோட போயிட்டுது — தொம்!"

இப்பிடியே நான் ஏசிக்கிட்டுப் போறன், பின்னால ஒரு சத்தம். பாத்தா மச்சான். கண்ணில நித்திரை இன்னும் போகல்ல, ஆனா வாய் முழுக்கச் சிரிப்பு. "புள்ள, மறுகா ஒருக்காச் சொல்லு!" எண்டாரு.

"என்னத்தைச் சொல்ல? கருவாட்டைத் திண்ட காகத்துக்குப் பேரா?"

"நீ ஏசினதை. உலக்கையோட ஏசினதை. அது அம்பா, புள்ள!"

எனக்கு அப்பதான் விளங்கிச்சு. அரை நாள் குந்தியிருந்து ஒரு நிலவை இழுத்துக்கொண்டு வந்தவ, இப்ப உலக்கை தூக்கி இறக்கிற நேரத்துக்குள்ள நாலு வரி சொல்லிட்டன். கடதாசியில்ல, மையில்ல. கைக்கு வேலையும் மனசுக்குக் கோபமும் இருந்திச்சு, அவ்வளவுதான். ஆனாலும் நான் விட்டுக்குடுக்கல்ல. "வீட்டுக் கதை போகப்படா எண்டு சத்தியம் பண்ணினீங்களே" எண்டன்.

குசினிக்குள்ள இருந்து உம்மாட குரல் வந்துது. "மருமகன் என்ட கதையையும் உன்ட கதையையும்தான் விட்டாரு. தன்ட கதையை விடல்லியே. பாடட்டும்!" சொல்லிப்போட்டு அவ சிரிச்ச சிரிப்பில வெத்திலைச் சாறு புரைக்கேறி, நான் ஓடிப்போய்த் தலையில தட்டவேண்டியதாப் போச்சு. அந்தக் கலியாண வீட்டுக்குப் பிறகு உம்மா சிரிச்சது அண்டைக்குத்தான். எனக்குக் கண் கலங்கிச்சு.

"எனக்கு வெக்கமில்லியா மாமி?" எண்டாரு மச்சான்.

"உங்களுக்கு அது எப்ப இருந்திச்சு?" எண்டன் நான்.

அடுத்த நாள் காகம் ஸலாம் சொன்ன இடத்தில அந்த ஆக்கள் கயிறை விட்டுப்போட்டுச் சிரிச்சிருக்காங்க. பிறகு வலிச்சாங்க பாருங்க வலிப்பு! வலை கரைக்கு ஓடி வந்துதாம். முதலாளி, "தம்பி, வாய் திறந்திட்டுது" எண்டாராம். அண்டையில இருந்து அது எங்கட ரெண்டு பேர்ட தொழிலாப் போச்சு. அவரு பிழை விடுவாரு, நான் ஏசுவன், அது பாட்டாகும். சாறனை உட்புறம் வெளியில உடுத்துக்கிட்டு ஜும்ஆவுக்குப் போனது ஒரு பாட்டு. தேத்தண்ணிக்குச் சீனி எண்டு உப்பைப் போட்டு, குடிச்சுப் பாத்து, நான் ஏன் எண்டு கேப்பன் எண்டு பயந்து முழுக்கக் குடிச்சது ஒரு பாட்டு. நானும் தேர்ந்திட்டன். ஏசுறதுக்கு எண்டே கூட்டுமாறையும் அம்மியையும் தேடுவன். சும்மா குந்தினா வராது எண்டு எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

ஆனா முதலாளி சாய்ந்தமருதுக்காரரை மறக்கல்ல. ஒரு கிழமை, "வாற ஞாயிற்றுக்கிழமை அவரு வாறாரு. வடக்குக் கயித்தில அவரு, தெக்குக் கயித்தில நீ. எந்தப் பாட்டுக்கு ஆக்கள் நல்லா வலிக்கிறாங்களோ, இந்தப் பருவம் முடியுமட்டும் அவருக்குத்தான் வலை" எண்டு சொல்லிப்போட்டாரு.

பாருங்க, அந்தக் கிழமை பாத்து எனக்கு அடைச்சுக்கிட்டுது. ஏனெண்டா அந்தக் கிழமை மச்சான் ஒரு பிழையும் விடல்ல. உம்மாவுக்குக் கடும் காய்ச்சல். அவருதான் மாட்டு வண்டில் பிடிச்சு உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாரு. அவருதான் கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தாரு. நான் கண்ணயர்ந்த நேரமெல்லாம் அவருதான் உம்மாட தலைமாட்டில விசிறியோட குந்தியிருந்தாரு. அண்டைக்குக் காகத்துக்குத் தூங்கின மனிசன் இதுக்குத் தூங்கல்ல. உம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுது. எனக்கு அவரில ஒரு துளி கோபம் வரல்ல. உலக்கையைத் தூக்கினன், இறக்கினன், நெல்லுத்தான் அரிசியாச்சு. மனசு நிறைஞ்சு போய்க் கிடந்தா எனக்கு வாயில ஒண்டும் வராது போல.

சனிக்கிழமை காலம்பிற அவருக்குச் சொன்னன். "மச்சான், ஒண்டும் வரல்ல. உங்களை ஏச எனக்கு மனம் வரல்ல. நாளைக்கு நான் உங்களைக் கவுத்துப் போடப் போறன்." சொல்லக்குள்ளயே அழுகை வந்திட்டுது. அவரு, "அதுக்கென்ன, புள்ள. சாய்ந்தமருதார் நல்லாத்தான் பாடுவாரு" எண்டு சொல்லிப்போட்டுத் துவாயை உதறித் தோள்ல போட்டாரு. "மாமிக்கு ஆட்டுப்பால் குடுக்க ஆஸ்பத்திரியில சொன்னாங்க எல்லுவா? பால் ஆடு ஒண்டு பாத்துக்கிட்டு வாறன்" எண்டு போனாரு.

வந்தாரு. கையில கயிறு. கயித்து நுனியில கறுப்பு நிறத்தில, என்ட இடுப்பு உயரத்தில, நெஞ்சு தொடத் தாடி வெச்சுக்கிட்டு ஒண்டு நிக்குது. நாத்தம் எண்டா நாத்தம், வாசல்ல நிண்ட நான் மூக்கைப் பொத்திக்கிட்டன்.

"இது என்ன?"

"ஆடு."

"பால் தருமா?"

"தரும். புது இடம் எல்லுவா, வெக்கப்படுது."

"யா றப்பு! இது கிடாய் மச்சான், கிடாய்! கண்ணை எங்க கழட்டி வெச்சிட்டுப் போனீங்க?"

"ஆட்டுக்காரன் நல்ல ஆடு எண்டுதானே சொன்னான்" எண்டு சொல்லி, செம்பையும் எடுத்துக்கிட்டு அதுக்குக் கீழ குந்திட்டாரு! உம்மா காய்ச்சல் விட்ட உடம்போட கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டு, "மருமகன், எழும்புங்க, எழும்புங்க!" எண்டு கத்துறா. அது உட்ட உதையில செம்பு ஒரு பக்கம், அவரு ஒரு பக்கம். பிறகு கேக்கவா வேணும்? என்ட வாய் திறந்தது அஸர் வரைக்கும் மூடல்ல. நெல்லு முடிஞ்சு போச்சு, சும்மா உரலைக் குத்தினன். ஒரு வலைக்குக் காணும் எண்டில்ல, ஒரு பருவத்துக்கே போதுமான வரி. அவரு தாவாரத்தில ஒதுங்கிக் குந்தி, பிழை செஞ்ச முகத்தோட, ஒவ்வொரு வரியையும் முணுமுணுத்துப் பாடமாக்கிக்கிட்டிருந்தாரு. பிறகு கயிறு பாக்கவேணும் எண்டு கடற்கரைக்குப் போயிட்டாரு.

பொழுது படக்குள்ள கடைசி வளவு ராத்தா வந்தா. வீட்டில ஆடு வளக்கிறவ. "தங்கச்சி, கிடாயை அவிழ்த்துத் தா" எண்டா.

"உங்கட கிடாயா? இதையா ராத்தா எங்கட மனிசன்ட தலையில கட்டினீங்க?" எண்டு நான் சண்டைக்கு ஆயத்தமாகிட்டன்.

"நான் எங்க கட்டினன்? பால் ஆடு ரெண்டு நிக்குது, ஒண்டைக் கொண்டு போங்க எண்டுதான் சொன்னன். அது நாளைக்கு வேணுமாம். இண்டைக்குக் கிடாய்தான் வேணுமாம், அதுவும் பெரிசாப் பாத்துத் தரட்டாம். மஃரிபுக்கு முன்ன வந்து எடுக்கச் சொன்னாரு. என்ன விசேஷம் உங்கட வீட்டில?"

கிடாயை அவிழ்த்துக் குடுத்தன். ராத்தா போனாப் பிறகு குசினிக்குள்ள போய், உம்மா பாக்காம, சீலைத் தலைப்பை வாயில வெச்சு அழுதன். அதோட சிரிப்பும் வந்துது. அந்த உதையும் மெய்யான உதை, பாவம். இடுப்பில நீலம் பாரிச்சிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கிணத்தடியில நிண்டன். சாய்ந்தமருதார் நல்ல பாட்டுக்காரர்தான், பொய் சொல்லப்படா. வடக்குப் பக்கம் "ஏலேலோ" நல்லாத்தான் எழும்பிச்சு. பிறகு தெக்கால வந்துது:

"பாலுக்கு ஆடு தேடிப் போனன் — ஏலேலோ
தாடிக்கார மாப்பிள்ளையக் கூட்டி வந்தன் — ஏலேலோ
செம்பைப் புடிச்சுக் குந்திப் பாத்தன் — ஏலேலோ
செம்பும் நானும் உருண்டு போனம் — ஏலேலோ"

முதல்ல தெக்குக் கயிறு சிரிச்சுது. மூணாம் வரியில வடக்குக் கயிறும் சேர்ந்து "ஏலேலோ" சொல்லத் தொடங்கிட்டுது. கடைசியில சாய்ந்தமருதார்ர குரலே அதுக்குள்ள கேட்டுது. அவரும் எங்கட கிடாய்க்குத்தான் வலிச்சாரு. நான் கிணத்துக் கட்டில ஏறி நிண்டு, ஒருத்தரும் இல்லாத வளவுக்குள்ள "ஏலேலோ" எண்டன்.

மச்சான் வலையைக் கெலிச்சுக்கிட்டு, உமல் நிறையப் பாரை மீனோட, அடுத்த கையில மெய்யான பால் ஆட்டையும் பிடிச்சுக்கிட்டு வந்தாரு. வளவைச் சுத்திப் பாத்தாரு. "கிடாய் எங்க புள்ள?" எண்டாரு, ஒண்டும் தெரியாத முகத்தோட.

"கயிறு அவிழ்ந்து ஓடிட்டுது" எண்டன். "கட்டத் தெரியாத மனிசன் கட்டினா நிக்குமா?"

அவரு தலையைச் சொறிஞ்சாரு. அடுத்த நாள் அம்பாவுக்கு அது போதுமா இருந்திச்சு.

அவரு மவுத்தாகி இப்ப கன காலம். அதுக்குப் பிறகுதான் நான் கடதாசியில எழுதத் தொடங்கினன். இண்டைக்கும் அடைச்சுக்கிட்டா கதிரையில குந்த மாட்டன். கூட்டுமாறை எடுத்துக்கிட்டு முத்தத்துக்கு இறங்கி, அவரு செஞ்ச ஏதாவதொண்டுக்கு ஏசத் தொடங்குவன். அவர்ட பிழைகளில எது மெய்யான பிழை, எது எனக்கெண்டு செஞ்ச பிழை எண்டு ஒரு நாளும் நான் கேக்கல்ல. உப்புத் தேத்தண்ணியும் அப்பிடித்தானோ, சாறனும் அப்பிடித்தானோ, அந்தக் காகத்துக்குக் கூட அவரு கண்ணை மூடிக்கிட்டுத்தான் இருந்தாரோ, எனக்குத் தெரியா. எல்லாத்துக்கும் ஒரு குறையும் வைக்காம ஏசினன்.